இலேசின் உபாசகர்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று புறப்பட்டு வந்து, தென்காசிக் கோபுர வாசலில் நுழைகிற பக்தர்களின் மேல்துண்டைப் பறித்து விளையாடுகிற காலத்தில், ஊரார் யாவரும் சாரலைக் கண்டு பரமானந்தம் அடைந்து, "பேரருவியில் தண்ணீர் எப்படி?" என்று பந்துக்களின் க்ஷேமம் விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் மொட்டைமாடியில் நின்று மேகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தால், அவரைப் பித்தர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அவர் தம் மோட்டார் சைக்கிளுக்குக் கார்பன் ஃபைபரில் மட்கார்டு செய்யத் தொடங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் பிரகிருதியை நான் இலேசின் உபாசகர் என்று அழைப்பது வழக்கம். உலகத்தில் உள்ள சகல துன்பங்களுக்கும் கனமே மூலகாரணம் என்பது அவருடைய சித்தாந்தம். கேட்டவருக்கும் கேளாதவருக்கும் அவர் தம் உபாசனா மூர்த்தியின் புராணத்தை ஒப்பிப்பார்: 1879இல் எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி விளக்கேற்றிய ஆதிகாண்டம்; 1958இல் ரோஜர் பேக்கன் என்னும் அமெரிக்கர் ஆய்வுக்கூடத்தில் உறுதியான கரியிழையைக் கண்ட காண்டம்; 1981இல் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில், கார்பன் உடல் தாங்கிய மெக்லாரன் கார் மோதி, எஞ்சின் தனியே பிய்த்துக்கொண்டு போன பின்னும், ஜான் வாட்சன் காயமின்றி இறங்கி நடந்த மோக்ஷகாண்டம். "எஃகின் கனத்தில் கால் பங்குகூட இல்லை ஓய்!" என்று அவர் முடிக்கும்போது, கேட்பவருடைய காப்பி ஆறிப்போயிருக்கும்.

மட்கார்டுக்கான கார்பன் துணி வந்து சேர்ந்த தினத்தில் நானும் அங்கிருந்தேன். மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய மூவாயிரம் இழைகள் சேர்ந்தது ஒரு புரி, அத்தகைய புரிகளைப் பத்தமடைப் பாய்போல் ஊடும் பாவுமாக நெய்த அந்தக் கறுப்புத் துணியை அவர் கூடத்தில் பயபக்தியுடன் விரித்தபோது, திண்ணையிலிருந்த அவருடைய தாயார், "கார்த்திகைக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கேலே, அதுக்குள்ள மாலை போடப் போறியா?" என்று விசாரித்தார்.

அந்தத் துணியை அச்சில் படியவைத்து, ரெசின் என்னும் பசையை ஊட்டி, அதை இறுகச் செய்யும் ஹார்டனரின் தயவால் மட்கார்டாக்க வேண்டும். சாஸ்திரப்படி, ரெசின் 100 கிராமுக்கு ஹார்டனர் 30 கிராம் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால், தராசில் நிறுத்து அப்படியே சேர்க்க வேண்டும். ஆனால் கைமணத்தில் நம்பிக்கையுள்ள குடும்பத்தில் பிறந்தவராதலால், சீக்கிரம் இறுகட்டும் என்று நண்பர் ஹார்டனரைத் தாராளமாகவே விட்டார். போதாக்குறைக்கு, சிறுகச் சிறுகக் கலந்து அகலத் தட்டில் பரப்ப வேண்டியதை ஆழமான குவளையில் மொத்தமாகக் கலந்தார். ரசாயனச் சூடு வெளியேற வழியின்றித் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு, குவளை கொதித்துப் புகையத் தொடங்கியது. சாரலை நிறுத்துவதற்கு மாடியில் யாகம் நடக்கிறதென்று எதிர்வீட்டுக்காரர் எண்ணியதில் குற்றமில்லை.

இரண்டாவது முயற்சியில் தராசு வந்தது, பக்குவம் வரவில்லை. அச்சில் மெழுகுப் பூச்சைப் பலமுறை இட்டுத் தேய்க்க வேண்டிய இடத்தில் ஒருமுறையோடு திருப்தி அடைந்தமையால், அச்சும் மட்கார்டும் பிரிக்கவொண்ணாத தம்பதிகளாகிவிட்டன. விவாகரத்துக்கு உளியும் சுத்தியும் தேவைப்பட்டன.

மூன்றாவது, சரியாகவே இறுகியது. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால், மேனியெங்கும் எண்ணெய்ப் பிசுக்குப்போல ஒரு வெண்படலம். ஈரக் காற்றில் ஹார்டனருடைய சத்து மேற்பரப்புக்கு வந்து கசியும் வியாதி அது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, மட்கார்டுக்கும் அந்த ஆசை பிறந்துவிட்டதோ என்னவோ! விசேஷம் என்னவென்றால், அதற்குப் பரிகாரமும் ஸ்நானமே. வெந்நீர் விட்டு நாரால் நன்றாகத் தேய்த்தால் படலம் போய்விடும். நண்பர் அதைக் குளிப்பாட்டியபோது, தலைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் தாயின் முகத்தை அவரிடம் கண்டேன்.

பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். முகத்துக்குக் கவசம் போட்டவர் கைக்குப் போடவில்லை. அந்தத் தூள் தோலில் ஏறி அரித்த அரிப்பில், சாரலை ஒரு மாதமாக வைதுகொண்டிருந்த அதே மனிதர் ஐந்தருவிக்கு ஓடி, ஜலம் தோளில் மத்தளம் கொட்ட ஒரு மணி நேரம் நின்றார் என்பது, அருவித்தாயின் பெருந்தன்மைக்குச் சான்று.

கடைசியாக நிறுத்துப் பார்க்கும் வைபவம். வலிமை இழையில் இருக்கிறது, ரெசின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிற பசை மாத்திரமே என்ற தத்துவத்தை மறந்து, பாயசத்துக்கு நெய்விடுவதுபோல் அவர் விட்டிருந்த ரெசினின் பயனாகப் புதிய மட்கார்டு பழைய பிளாஸ்டிக்கைவிட 140 கிராம் கூடுதலாக நின்றது. நண்பர் தராசைப் பழித்தார்; தராசு மௌனம் சாதித்தது.

ஆடி மாதம் நான் மறுபடி போனபோது, வாசலில் நின்ற வண்டியில் பழைய பிளாஸ்டிக் மட்கார்டே சேறும் சகதியுமாகத் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. புதியதோ, கூடத்தில் பாட்டனார் படத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் துணி விரித்த பலகைமேல், கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு வீற்றிருந்தது.

"வே, இன்னும் வண்டியில மாட்டலியா?" என்றேன்.

அவர் என்னை அஞ்ஞானியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்னவே இப்படிக் கேக்கீரு? இந்தச் சாரல்ல மாட்டினா, சேறு தெறிச்சு நாசமாப் போயிருமுல்லா!"