வாத்து காண் படலம்

டிசம்பர் 24, பிற்பகல் மூன்று மணிக்குச் சுவீடனில் என் மாமியார் வீட்டு சோபாவில் நிகழ்வதே இவ்வாய்வின் பொருள். ஆய்வாளர், அவ்வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட தமிழச்சி. ஆய்வுக்கு உட்பட்டவர் கணவர். அவரோ உட்பட்டவள் நான்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் ‘கல்லே அங்கா’ வரும். வேறு யாருமில்லை, டொனால்டு டக். டிஸ்னி 1958-இல் அமெரிக்காவில் காட்டிய கிறிஸ்துமஸ் தொகுப்பு, 1960களிலிருந்து இங்கே ஆண்டுதோறும் அதே நாளில் வருகிறது. 1969 வரை இந்நாட்டில் இருந்ததே ஒரு சேனல். எனவே ஒரு தலைமுறையே ஒரே வாத்தைப் பார்த்து வளர்ந்தது. இதைப் படம் என்பதா, திதி என்பதா என்பதில் அறிஞர்களுக்குள் (நானும் நாத்தனாரும்) கருத்து வேறுபாடு உண்டு.

முதலாண்டு நான் செய்த பிழை, திரையைப் பார்த்தது. வீட்டார்க்கு எல்லாம் மனப்பாடம், வாயால்தான் பார்ப்பார்கள். கணவரோ என் முகத்தையே பார்ப்பார். வாத்து விழுவதற்கு மூன்று நொடி முன்பே சிரித்துவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று காத்திருப்பார். பந்தியில் பாயசத்தை ஊற்றிவிட்டு நகராமல் நிற்கும் சமையல்காரரின் அதே முகம்.

இனிக் கடாவிடை. கடா: கிறிஸ்துமஸ் படத்தில், சண்டைக்குப் போகாமல் பூவை மோந்துகொண்டிருக்கும் ஸ்பெயின் காளைக்கு என்ன வேலை? விடை: “உஷ்.” கடா: கூஃபி சாப்பிட வந்துவிட்டானே, வண்டியை யார் ஓட்டுவது? விடை: “உஷ்.” மாமனார் மட்டும் கண்ணைத் துடைத்தபடி சிரித்தார்.

காளையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஃபெர்டினான்ட் என்ற அந்த 1938-ஆம் ஆண்டுக் காளையை 1982-இல் எடுத்துவிட்டு, அழகற்ற வாத்துக் குஞ்சின் கதையைப் போட்டார்கள். நாடு கொதித்தது. காளை திரும்பி வந்தது. வாத்துக்கென்று நாள் ஒதுக்கிய மக்கள் வாத்துக் குஞ்சை விரட்டியது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

‘ஜங்கிள் புக்’ துண்டில் மோக்லி வந்ததும் குடும்பமே என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தது. சம்பந்தி வீட்டார் வந்தாற்போல நானும் தலையாட்டி வைத்தேன்.

உரையாசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவீடிய மொழியில் கதை சொல்லும் குரல் பெங்ட் ஃபெல்ட்ரைக் என்பவருடையது. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்ட அறிவியல் செய்தியாளர். 2019-இல் காலமானார், குரல் மட்டும் ஆண்டுதோறும் வருகிறது. இவ்வளவு பெரிய மனிதர் எதற்கு என்று கேட்கலாம். டொனால்டு பேசுவது எம்மொழியாருக்கும் விளங்காது. மூலம் விளங்காத இடத்தில் உரைகாரரே துணை என்பது நமக்கும் பழகிய வழிதானே.

ஒப்பாய்வு இல்லாத ஆய்வு நிறைவு பெறாது. தீபாவளிக்குச் சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றத்தைக் கணவருக்குப் போட்டுக் காட்டினேன். வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். தலைப்பு அறிவித்த உடனேயே தீர்ப்பு எந்தப் பக்கம் போகும் என்றும் சொன்னேன்.

“தெரிந்துகொண்டே ஏன் பார்க்கிறாய்?” என்றார், அரை நூற்றாண்டு வாத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் மனிதர்.

“உஷ்,” என்றேன்.