வீட்டுக்குள் சூளை: அக்காவிடம் கேளுங்கள்

சிசிலித் தீவில் பலெர்மோ நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில், கிரிஃபோனே மலையடிவாரத்தில் மந்தரீன் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது நான் குடியிருக்கும் சியாகுல்லி. வீட்டு மூலையில் குயவர் சக்கரம் போட்டவர்கள், போட நினைப்பவர்கள், போட்டவரோடு குடித்தனம் நடத்துபவர்கள் என்று பலெர்மோத் தமிழர் பலரும் இந்தத் தடவை எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அக்கா, ரெண்டறை வீடு. சமையலறை மேசையிலதான் மண் பிசையிறன். சாப்பாட்டு நேரம் மேசையைத் துடைச்சுப்போட்டுச் சோறு போடுறன். இவர் ஒவ்வொரு நாளும் முணுமுணுக்கிறார். குழந்தை இப்பதான் தவழத் தொடங்கியிருக்கு. ஆர் சரி? (பல்லாரோ சந்தைப் பக்கத்து வாசகி)

இந்த வழக்கில் தீர்ப்பு அவர் பக்கம்தான், தங்கச்சி. ஈரமண்ணால் கெடுதி இல்லை, காய்ந்த மண்ணில்தான் வில்லங்கம். களிமண்ணிலும், பாத்திரத்துக்குப் பளபளப்புத் தரும் கிளேஸ் பொடியிலும் சிலிக்கா இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தலைமுறை தலைமுறையாகக் குயவர்களைப் பிடித்த சிலிக்கோசிஸ் நோய் இப்படி வந்ததுதான். தவழும் பிள்ளையின் மூக்கோ தரைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது.

அதனால் விளக்குமாறை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கூட்டினால் தூள் எழும். ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் துணி காய்வதற்குள் அலசிவிடுங்கள். காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை வீட்டுக்குள் கூடவே கூடாது. ஈரப் பஞ்சால் வழித்தாலே போதும். மண் வேலைக்கென்று ஒரு மேலங்கியும் ஒரு செருப்பும் வைத்து, இரண்டையும் வாசலிலேயே கழற்றுங்கள். மண்ணுக்குப் போன கரண்டியும் கிண்ணமும் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. மேசையை பால்கனிக்கு மாற்ற முடிந்தால் நாளைக்கே மாற்றுங்கள். நடைவழியில் ஒரு மூலையாவது கிடைத்தாலும் சரி, சோறு தின்னும் மேசை மட்டும் வேண்டாம். இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: சின்ன மின்சூளை வாங்கிப் போட்டேன். மனைவி உடுப்புத் துவைக்கிற மெஷினைப் போட்டவுடன் வீடே இருண்டு போச்சு. சூளைக்குள்ள பாத்திரம், மெஷினுக்குள்ள உடுப்பு, ரெண்டும் பாதியில. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. (நொச்சே, பலெர்மோ)

தம்பி, இத்தாலி வீடுகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மின் ஒப்பந்தம் 3 கிலோவாட். உங்கள் சின்னச் சூளை ஒன்றே 2 முதல் 3 வரை இழுக்கும். மெஷின் தண்ணீர் சுடவைக்கத் தொடங்கினால் மீட்டர் விழத்தான் செய்யும். இதற்கு இரண்டு வழி. மின் நிறுவனத்திடம் சொல்லி 4.5 அல்லது 6 கிலோவாட்டாக உயர்த்தலாம், மாதக் கட்டணம் கூடும். இல்லாவிட்டால் சூளைக்கென்று ஒரு நாளை ஒதுக்கி, அன்றைக்கு மெஷினும் அவணும் ஓய்வு என்று வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டாவது வழியில் காசு செலவில்லை. ஆனால் அந்த நாளை மனைவியோடு சேர்ந்து தீர்மானிக்க வேண்டும், தீர்மானித்துவிட்டு அறிவிக்கக் கூடாது.

என் யோசனை ஞாயிற்றுக்கிழமை. நேர அடிப்படையில் கட்டணம் வாங்கும் ஒப்பந்தமாக இருந்தால் இரவு 11 முதல் காலை 7 வரையும், ஞாயிறும் விடுமுறை நாட்களும் முழுவதும் மூன்றாம் கட்டண வேளை. பல ஒப்பந்தங்களில் அப்போதுதான் மலிவு. இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது எனக்குப் பிடிக்காது, ஆயிரம் டிகிரி நெருப்பை யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஞாயிறு காலையில் போட்டால் மெள்ள ஏறும். தண்ணீர் ஆவியாகப் போகும் 100 டிகிரியிலும் குவார்ட்ஸ் உருமாறும் 573 டிகிரியிலும் அவசரப்பட்டால் பாத்திரம் வெடிக்கும், கீறும். ஆகவே வேகம் வேண்டாம். முறை போட்டுக்கொண்டு ஒருவர் வீட்டில் இருங்கள், மற்றவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெல்லெக்ரினோ மலையில் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டு வரட்டும். அடுத்த ஞாயிறு ஆள் மாறட்டும். திங்கள் காலையில் ஆவலோடு சூளையைத் திறக்காதீர்கள். 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை பொறுங்கள்.

முக்கியமான ஒன்று. மண்ணில் உள்ள இலைதழை மிச்சமெல்லாம் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமில்லை. சூளை உள்ள இடத்துக்கு ஜன்னல் வேண்டும். படுக்கையறையாக அது இருக்கவே கூடாது. அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு மனைவியிடம் சொல்லுங்கள். பேச்சுவார்த்தை அங்கிருந்து தொடங்கலாம்.

கேள்வி: காலமை பிள்ளையைப் பள்ளியில விட்டு, ரெண்டு வீட்டில வேலை முடிச்சு, பின்னேரம் வீட்டுக்கு வந்தா சமையல். எனக்கெண்டு மிஞ்சிறது ஒரு மணித்தியாலம். அதுக்குள்ள சக்கரத்தில இருந்து எழும்பவே மனமில்லை. எழும்பாட்டி சோறு அடிப்பிடிக்குது. (கால்சா)

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன், தங்கச்சி. பலெர்மோவில் நம் பெண்கள் பலரின் நாள் இப்படித்தான் போகிறது. அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் வேலையைக் கடிகாரத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டாம், மண்ணின் பதத்தைப் பார்த்துப் பிரியுங்கள்.

மண் வேலையில் கை வைக்கும் நேரம் கொஞ்சம், காத்திருக்கும் நேரம் அதிகம். இன்றைக்கு வனைந்த கோப்பைக்கு நாளைக்குத்தான் அடி சீவ முடியும். கைப்பிடி ஒட்டியபின் மறுபடி காய வேண்டும். இந்தக் காத்திருப்புக்குள் சமையல், வீட்டுப்பாடம், நித்திரை எல்லாம் அடங்கும். அதற்கு மண்ணின் பதம் தப்பாமல் பிடித்து வைக்கத் தெரிய வேண்டும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு பிளாஸ்டர் ஊற்றி இறுகவிடுங்கள். அதன்மேல் தண்ணீர் தெளித்துப் பாத்திரத்தை வைத்து மூடினால் வாரக்கணக்கில் ஒரே பதத்தில் நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பெட்டியை மூடிவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

இந்த ஊரில் அந்தப் பெட்டி இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். சிரொக்கோ. சகாராவிலிருந்து அந்தச் சூட்டுக் காற்று அடித்தால் காலையில் வனைந்தது மதியத்துக்குள் வெளிறிவிடும். விளிம்பு முதலில் காயும், அடி ஈரமாகவே இருக்கும். விளிம்பு சுருங்க அடி சுருங்க மறுக்கும், அங்கேதான் கீறல். கைப்பிடி வேரோடு கழன்று வரும். வானிலைச் செய்தியில் சிரொக்கோ என்றால் அன்றைக்குப் புதிதாக எதையும் வனையாதீர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள்.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கைக்குழந்தையோ சின்னப் பிள்ளையோ உள்ள வீட்டில் சக்கரத்தைச் சில காலம் மூலையில் வையுங்கள். சக்கரத்தில் ஏறிய மண் பாதியில் விட விடாது. கூப்பிட்ட பிள்ளைக்கு எழுந்து போய்த் திரும்பினால் அது சரிந்திருக்கும். மண்ணைக் கயிறாகத் திரித்துச் சுற்றிச் சுற்றிக் கட்டும் முறை அப்படியில்லை. எந்த நிமிடமும் நிறுத்தலாம், விளிம்பில் ஈரத்துணி போட்டுவிட்டு மறுநாள் தொடரலாம். சக்கரம் வருவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் முன்பே மனிதர் கட்டிய பானைகள் கையால் கட்டியவைதான். அதைக் குறைந்த வேலை என்று நினைப்பவர்களை நான் ஏற்பதில்லை.

கேள்வி: அஞ்சு வயது மகன் நான் வனைந்த ஆறு கோப்பையையும் ஒரே உதையில முடிச்சிட்டான்.

குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை என்று சும்மாவா சொன்னார்கள்! சுடாத கோப்பை என்றால் நன்றாகக் காயவிட்டு வாளித் தண்ணீரில் போடுங்கள், தானாகக் கரைந்து மறுபடி மண்ணாகும். அந்த வேலையை அவனிடமே கொடுங்கள், குமிழி விட்டுக் கரைவதைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பான். வாளித் தண்ணீரை மட்டும் கழுவு தொட்டியில் ஊற்றாதீர்கள். மண்ணைத் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் இறுத்து ஊற்றுங்கள். இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் குழாய்க்காரரோடு வந்து நிற்பார்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து மாமி போனில கேக்கிறா, "இத்தாலி வரைக்கும் போய் இந்தச் சாதித் தொழிலா செய்யிறாய்?" எண்டு. என்ன பதில் சொல்ல?

மாமிக்கு மரியாதையோடு, ஆனால் நேராகச் சொல்லுங்கள்: தொழிலில் இழிவு இல்லை, அதை இழிவு என்று சொல்லும் வாயில்தான் இருக்கிறது. மாமி வீட்டில் கலியாணத்துக்கு வைத்த அரசாணிப் பானையும், பொங்கலுக்கு ஏற்றிய புதுப்பானையும் யார் கை செய்தது? பானையைக் கும்பிட்டுவிட்டு வனைந்தவரை வாசலில் நிறுத்திய வழக்கம் நம்முடையது, அதற்கு வெட்கப்பட வேண்டியது நாம்.

சிவகங்கை மாவட்டம் மானாமதுரையைப் பற்றியும் சொல்லுங்கள். கச்சேரி மேடையில் ஒலிக்கும் கடம் அங்கே ஒரு குடும்பத்து வீட்டு வேலை. சக்கரத்தில் தடிப்பாக வனைந்து எடுத்ததை, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டித்தான் நாதம் வரும் கனத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்படித் தட்டிய கை மீனாட்சி கேசவன் அம்மாவுடையது; சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மாமியிடம் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் பல குயவர் குடும்பங்களில் பெண் சக்கரத்தைத் தொடக் கூடாது என்று இருந்தது. மண் கொத்துவதும் மிதிப்பதும் செம்மண் பூசுவதும் சந்தைக்குச் சுமப்பதும் அவள், பெயர் மட்டும் வனைந்தவருக்கு. உங்கள் வீட்டில் யார் மண் பிசைந்து தந்தாலும், மகளோ கணவரோ, விற்கும் இடத்தில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நானும் இவரும் சேர்ந்தே இந்தத் தொழிலில் இறங்கலாமா? ஒரே அறையில ரெண்டு பேர், சண்டை வராதா?

வரும். இருந்தும் நடத்திக் காட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இன்று இந்தியாவில் பெயர் சொல்லும் பீங்கான் கலைஞர்கள் பலர் அங்கே படித்தவர்கள். இருவரும் ஒரே வேலையை இழுத்துப் பறித்துக்கொள்ளவில்லை. அன்றாடப் பாத்திர உற்பத்தி டெபோரா கையில். மாணவர்களுக்குக் கற்பிப்பதும் பெரிய பெரிய சோதனைகளும் ரே பக்கம். 1980களின் நடுவில் அவர் மண்ணால் வீட்டையே கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார்! உங்களில் ஒருவருக்கு ஒழுங்கும் மற்றவருக்குப் பைத்தியமும் இருந்தால் தைரியமாக இறங்கலாம். இருவருக்கும் பைத்தியம் என்றால் கணக்கெழுத மூன்றாவது ஆள் தேவை.

கேள்வி: சிசிலிக்காரர் எல்லாரும் பால்கனியில வைக்கிற அந்தத் தலைப் பூச்சாடி நல்ல விலை போகுது. செய்து விக்கலாமா? மகள் அதைப் பார்த்தாலே அழுகிறாள்.

மகள் அழுவதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கதை நம் பலெர்மோவின் கால்சாவில் நடந்ததாகச் சொல்வார்கள். பால்கனியில் பூ வளர்த்த பெண் ஒருத்தியைக் காதலித்தான் ஒரு மூர் இளைஞன். அவனுக்கு ஊரில் மனைவி பிள்ளைகள் என்று தெரிந்ததும் தூக்கத்தில் அவன் தலையை வெட்டி, அதில் துளசி வகைச் செடியான பசிலிகோவை நட்டாள். செடி செழித்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் தலை வடிவில் சாடி செய்யச் சொன்னார்களாம். கல்தாஜிரோனேயில் அதை அற்புதமாகச் செய்கிறார்கள், அவர்களோடு போட்டி போட வேண்டாம். அந்த ஊருக்கு மகளைக் கூட்டிப் போங்கள். அங்குள்ள பெரிய படிக்கட்டின் 142 படிகளுக்கும் முகப்பில் விதவிதமான ஓடுகள், 1954இல் பதித்தவை. ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறுவாள். விற்பதற்கு நம் கைக்கு வந்த கலயமும் அகலும் சட்டியும் செய்யுங்கள், இங்கே வேறு யாரிடமும் அவை இல்லை.

கேள்வி: இந்த முறை தைப்பொங்கலுக்கு நானே வனைந்த பானையில பொங்க ஆசை. வெடிக்குமோ எண்டு பயம். (சியாகுல்லிப் பக்கத்து வாசகி)

பயம் நியாயமானது, பக்கத்து வீட்டுக்காரியே. சாதாரண மண்ணில் செய்த பூச்சாடி நெருப்பைத் தாங்காது. சிசிலியின் மலைமண்ணில் சுண்ணாம்பு கலந்திருப்பது சகஜம். சுட்டபின் சுண்ணாம்புக் கட்டி ஈரத்தை இழுத்துப் பொருக்காகத் தெறிக்கும். நமக்குத் தென்மேற்கே பந்தெல்லேரியாத் தீவின் எரிமலை மண்ணில் செய்த சமையல் சட்டிகள் ரோமானியப் பேரரசின் கடைசிக் காலத்திலேயே கடல் தாண்டி விற்பனையாகின. நெருப்பு தாங்கும் மண் எது என்று அந்தத் தீவுக்காரருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கடையில் நெருப்புக்கென்று விற்கும் மண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அடி உருண்டையாக இருக்கட்டும், மூலை இருந்தால் அங்கேதான் பிளக்கும். சுவர் ஒரே கனமாக, மெல்லியதாக வரட்டும். கிளேஸ் வேண்டாம், ஈயம் கலந்த பழைய கிளேஸ் என்றால் நினைக்கவே வேண்டாம். மிகச் சூடாகச் சுட்டு இறுக்கிவிடாதீர்கள், நுண்துளை உள்ள பானைதான் விரிந்து சுருங்க இடம் கொடுக்கும். முதல் நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் ஈரத்தோடு ஏற்றி, சின்னத் தீயில் தொடங்குங்கள். மின்காந்த அடுப்பில் மண்பானை சுடவே சுடாது. காஸ் அடுப்பு என்றால் தீயைப் பரப்பும் தகடு போடுங்கள். உங்களுக்கு முற்றம் இருக்கிறது, மூன்று கல் வையுங்கள். தையில்தான் இங்கே தர்தீவோ மந்தரீன் பழுக்கும். 1940களில் இந்தத் தோட்டங்களில் தானாக முளைத்த வகை அது, மற்ற மந்தரீன் முடிந்தபின் இனிக்கும். கரும்பு கிடைக்காவிட்டால் படையலுக்கு அதை வையுங்கள்.

நவம்பர் முடிவதற்குள் வனைந்துவிடுங்கள், குளிர்காலத்து ஈரத்தில் காய நாள் எடுக்கும். ஒன்று போதாது, இரண்டு பானை செய்யுங்கள். முதல் பானையைப் பொங்கலுக்கு முன்பே வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துச் சோதித்துப் பாருங்கள். அது தாங்கினால், அதே மண்ணில் அதே கனத்தில் அதே சூட்டில் வந்த மற்றதை நம்பிப் புதுப்பானையாகவே ஏற்றலாம். பால் பொங்கும்போது என்னையும் கூப்பிடுங்கள், பச்சரிசி என் பங்கு.