மன்றோ கேட்ட கணக்கு

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து தர்மபுரி வட்டாரமான பாராமகால் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தது. வரி போட வந்த ரீட் துரையின் உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னையில் இன்றும் சேணமில்லாக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். தர்மபுரிப் பக்கம் ஏழு ஆண்டு இருந்து, வயல் வயலாக அளந்து தீர்வை கட்டினார்.

பிறகு சென்னை மாகாண கவர்னரானார். 1822இல் கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார்: எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், கணக்கு அனுப்புங்கள்! வந்தது கணக்கு. மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். படிப்பு குன்றியதற்கு மக்களின் வறுமையும் ஒரு காரணம் என்று 1826இல் துரையே எழுதிவைத்தார். வறுமை எப்படி வந்ததாம்? அந்தக் கேள்வியை அவர் யாருக்கும் அனுப்பவில்லை.

பரிகாரமும் சொன்னார். தாலுகாவுக்கு ஒரு பள்ளி, வாத்தியாருக்கு மாதம் 9 ரூபாய். பெயர், தாசில்தாரிப் பள்ளி. வரி கேட்கும் தாசில்தாரின் பெயரைப் பள்ளிக்கும் வைத்தால் பிள்ளைகள் ஆசையாக ஓடிவருவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ!

இப்போது மேடைக்கு மேடை வசவெல்லாம் 1835இல் ஆங்கிலக் கல்விக்குக் குறிப்பெழுதிய மெக்காலேக்குத்தான். மைக்கில் அவரை வறுத்தெடுத்த கையோடு, டை கட்டிய பேரனை மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றக் கிளம்புகிறார் பேச்சாளர். மன்றோவை யாரும் திட்டுவதில்லை. அவருடைய தாலுகா பள்ளிகளை 1836இல் கும்பெனியே மூடிவிட்டது. தீர்வையை மூடவில்லை.