மாமா வீட்டு நாயும் மகாராணி வீட்டு நாயும்

ஹரோ, லண்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே அம்மாவும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ரம்புக்கனை டவுன் பிள்ளையாரையும் தோட்டத்து மாரியம்மாவையும் வேண்டிக்கொள்கிறேன். எல்லோரும் சுகம் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். ஒரு கால் மட்டும் சுகமில்லை. அது என் மகளுடைய இடது கால்.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று பதறாதே. போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போடுவார். நம் லயத்துச் சுவரைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் "நூறு வயசு" என்பார்கள். நான் பேசி முடிக்குமுன் விஷயம் கடல் தாண்டித் திரும்பி வந்து மாமியின் காதில் விழுந்திருக்கும். ஆகவே இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

விஷயம் இதுதான். சின்ன மாமாவின் நாய் கடித்துவிட்டது. மூன்றாவது தடவை, மூன்றாவது பிள்ளை.

நாய்க்குப் பெயர் பிரின்ஸ். சாதி கோர்கி. எலிசபெத் மகாராணி வளர்த்த அதே சாதி என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பார்க்க எப்படி இருக்கும் என்கிறாயா? நம் தோட்டத்து நாய் ஒன்றை முழங்கால் அளவு சேற்றில் நிற்க வைத்ததுபோல் இருக்கும். காது இரண்டையும் பின்னவலை யானைக்குட்டியிடம் கடன் வாங்கியிருக்கிறது. மாமா அதனிடம் இங்கிலீஷில் மட்டும் பேசுவார். மாமியிடம் தமிழ், கடன் கொடுத்த பேங்கிடம் மௌனம், நாயிடம் இங்கிலீஷ்.

போன தீபாவளிக்கு மாமியின் தங்கச்சி மகனைக் கடித்தது. விசாரணை நடந்தது. "பையன் வாலை மிதிச்சிருப்பான்" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அக்கா, அந்த நாய்க்கு வாலே கிடையாது. பிறவி மொட்டை. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். இங்கே முயற்சி செய்து பார்க்கவும் வழியில்லை.

இரண்டாவது, மாமாவின் மூத்த பேரன். "ஓடினான், அதனால கடிச்சது" என்றார். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். வேல்ஸ் நாட்டில் மாடு ஓட்டுவதற்கென்றே வளர்த்த சாதியாம் இது. மாடு உதைத்தால் உதை தலைக்கு மேலே போகட்டும் என்றுதான் இந்தக் குள்ள உயரம். பின்னங்காலில் ஒரு கவ்வு கவ்வினால் மாடு நடக்கும். ஹரோவில் மாடு இல்லை. நம் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

மூன்றாவது என் மகள். மாமாவின் அறுபதாவது பிறந்த நாளன்று. அவள் ஓடவில்லை, மிதிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து யானைப் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். நாய் சுற்றி வந்து முகர்ந்தது, கெண்டைக்காலில் கவ்வியது. குரைக்கவே இல்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்று சொன்ன பெரியவர்கள், குரைக்காத நாயைப் பற்றி நமக்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை பார். நான் பிள்ளையைத் தூக்கினேன். மாமா நாயைத் தூக்கினார். தூக்கிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "அவ பார்த்த பார்வை சரியில்ல."

உடனே அடுப்படியிலிருந்து மாமி, "அதானே, நானும் கவனிச்சேன்." முன்னெல்லாம் மலையேறுகிற கோச்சிக்கு ரம்புக்கனை ஸ்டேஷனில் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டுவார்கள் என்று அப்பா சொல்வாரே, கடுகண்ணாவை ஏற்றத்துக்காக! மாமா முன் எஞ்சின், மாமி பின் எஞ்சின். எந்தப் பொய்யும் மலை ஏறிவிடும்.

என் வீட்டுக்காரி ஹட்டன்காரி. வாயைத் திறக்கவில்லை. பிள்ளையின் செருப்பை மாட்டினாள், கேக்கை அப்படியே வைத்தாள், கிளம்பினாள். பஸ்ஸில்தான் கேட்டாள்: "உங்க மாமா போட்ட சோத்துக்கு என் பிள்ளையோட காலா கறி?" எனக்குப் பதில் வரவில்லை. விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனவர் மாமா. ஏழு மாதம் சோறு போட்டவர், முதியோர் இல்லத்து வேலையை விசாரித்துச் சொன்னவர் எல்லாம் அவர்தான். அந்த நன்றி தொண்டையில் முள்ளாக நிற்கும்போது நாயைப் பற்றி என்ன பேச?

வீட்டுக்கு வந்து 111க்குப் போன் போட்டோம். இங்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுமுன் கேட்கிற நம்பர் அது. காயத்தைக் குழாயில் நன்றாகக் கழுவச் சொன்னார்கள். மறுநாள் காட்டியபோது ஏற்புத் தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள், காயம் புண்ணாகாமலிருக்க மருந்து கொடுத்தார்கள், போகலாம் என்றார்கள். "விசர்நாய் ஊசி?" என்று நான் கேட்டதற்கு அந்த நர்ஸம்மா சிரித்தார். இந்த நாட்டு நாய்களிடம் 1922க்குப் பிறகு அந்த நோயே இல்லையாம். இதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடணும், என் தம்பிக்குப் போட்டாங்களே" என்று அழுகை. அந்தத் தம்பி யார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள் அக்கா, கடைசியில் வருகிறேன்.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பதெல்லாம் நம் ஊரோடு சரி. இங்கே தெருவில் கல்லே கிடையாது. இருந்து எடுத்தாலும் நான்தான் கோர்ட்டுக்குப் போவேன். ஒரு கணக்குச் சொல்கிறேன் கேள். மிருகங்களைக் கொடுமையிலிருந்து காப்பாற்ற லண்டனில் சங்கம் தொடங்கியது 1824இல். பிள்ளைகளைக் காப்பாற்றச் சங்கம் தொடங்கியது 1884இல். நடுவில் 60 வருஷம். மிருகச் சங்கத்துக்கு விக்டோரியா ராணி 'ரோயல்' பட்டமும் கொடுத்தார். பிள்ளைகள் சங்கத்தின் பெயரில் அந்தப் பட்டம் இன்றுவரை இல்லை. இதை வீட்டுக்காரியிடம் சொன்னபோது, "அப்ப நம்ம பிள்ளையை நாய்னு பதிஞ்சிடுவோமா?" என்றாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். தெருவில் கடித்தால் மட்டுமல்ல, சொந்த வீட்டுக்குள் கடித்தாலும் குற்றம்தான் என்று 2014இல் அதை நீட்டினார்கள். எக்ஸ்எல் புல்லி என்று கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய், அதை அனுமதிப் பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது 2024 பெப்ரவரி 1 முதல் குற்றம். அந்தச் சட்டம் வந்தபோது மாமாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஆண் நாய் 20 அங்குலத்துக்கு மேல் இருந்தால்தான் அந்தக் கணக்கில் சேரும் என்று எங்கோ படித்துவிட்டு, மாமியின் தையல் டேப்பை எடுத்துப் பிரின்ஸை அளந்தார். 11 அங்குலம். அன்றிலிருந்து "சட்டப்படி என் நாய் நல்ல நாய்" என்று ஆரம்பித்துவிட்டார். பல்லை அவர் அளக்கவில்லை.

குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் மகாபாரதமே நடந்தது. மாமியின் தங்கச்சி எங்கள் பக்கம். மாமாவின் சம்பந்தி, "நாய் வைரவர் வாகனம், பழி வேண்டாம்" என்று கும்பிடுகிற கை இரண்டைப் போட்டார். வைரவரின் நாய் எந்தப் பிள்ளையையும் கடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மாமா பெரிய ஆயுதத்தை எடுத்தார்: "மகாராணி வீட்டு நாயே கடிச்சிருக்கு. அவங்க என்ன சண்டையா போட்டாங்க?"

அங்கேதான் மாமா சறுக்கினார். என் வீட்டுக்காரி இரவெல்லாம் தேடிப் படித்துவிட்டாள்.

மகாராணியின் மகள் ஆன் இளவரசி இருக்கிறாரே, அவர் வைத்திருந்த புல் டெரியர் நாயின் பெயர் டொட்டி. 2002 ஏப்ரல் 1ஆம் திகதி விண்ட்சர் பூங்காவில் அது இரண்டு பையன்களைக் கடித்தது. ஒருவனுக்கு 12 வயது, மற்றவனுக்கு 7. அது சாதுவான நாய் என்று சொல்ல ஒரு நாய் மனோதத்துவ நிபுணரே கோர்ட்டுக்கு வந்தார். இளவரசியோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். 500 பவுண் அபராதம், அதற்குமேல் பையன்களுக்கு நட்டஈடு. 'பார்த்த பார்வை சரியில்லை' என்று அங்கே யாரும் வாதாடியதாகத் தெரியவில்லை. அடுத்த வருஷம் கிறிஸ்மஸுக்கு அதே இளவரசியின் இன்னொரு நாய், தாய் வீட்டுக்குப் போன இடத்தில், மகாராணியின் கோர்கியைக் குதறிவிட்டது. அந்தக் கோர்கியை ஊசி போட்டு முடிக்கவேண்டி வந்தது. கிறிஸ்மஸ் சாப்பாட்டு மேசையில் தாயும் மகளும் எப்படி முகம் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. மகாராணியே 1991இல், நாய்ச் சட்டம் வந்த அதே வருஷம், தன் கோர்கிகள் சண்டை போட்டதை விலக்கப் போய்க் கையில் மூன்று தையல் வாங்கினார். எல்லாவற்றையும் வீட்டுக்காரி தமிழில் எழுதி, கடைசியில் "இளவரசி கட்டினாங்க, மாமா கட்டுவாங்களா?" என்று குழுவில் போட்டாள். குழு மூன்று நாள் செத்துக் கிடந்தது.

நான்காம் நாள் மாமா போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார். நாய்க்கு ஏற்பாடு செய்திருக்கிறாராம். போனோம். கூடத்தின் நடுவில் தவழ்கிற பிள்ளைகளுக்குப் போடுகிற கம்பித் தடுப்பு ஒன்று வாங்கி நிறுத்தியிருந்தார். அதற்குள்ளே பாய், பொம்மை, நிறப் பென்சில். பிரின்ஸ் சோபாவில் படுத்திருந்தது. உள்ளே போகவேண்டியது பிள்ளைகள்!

பின்னவலையில் கம்பிக்கு வெளியே நின்று யானைக்குட்டி பால் குடிப்பதை வெள்ளைக்காரன் பார்ப்பான் இல்லையா, அதுபோலப் பிரின்ஸ் சோபாவிலிருந்து எங்கள் பிள்ளைகளைப் பார்த்தது. வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

என் மகள் உள்ளே போகவில்லை. மாமாவின் முன்னால் போய் நின்று காலைக் காட்டினாள். காய்ந்த தழும்பு. மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து தன் கால்சட்டையைச் சுருட்டினார். உனக்குத்தான் தெரியுமே, அவர் கெண்டைக்காலிலும் ஒன்று உண்டு. 1974இல், தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போவதற்கு முந்தின வருஷம், பங்களாப் புல்தரையில் விழுந்த பந்தை எடுக்கப் போனபோது வாங்கியது. பதினாலு ஊசி. மறுநாள் எல்லோரும் கூடுகிற பெரட்டுக் களத்தில் தாத்தா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளை புல்தரையை மிதித்ததற்காக மன்னிப்புக் கேட்ட கதையை அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பார்!

"இதுவும் பிரின்ஸ் கடிச்சதா தாத்தா?" என்று கேட்டாள்.

"இல்லடா. தொரை நாய்."

"தொரைன்னா யாரு?"

மாமா வாயைத் திறந்தார். கம்பித் தடுப்பைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து பின் எஞ்சினும் சத்தம் போடவில்லை. கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து, "பிரின்ஸ், கீழ இறங்கு" என்றார். தமிழில் சொன்னார். அதற்குத் தமிழ் புரியாது, ஆகவே இறங்கவில்லை. கடைசியில் தூக்கித்தான் உள்ளே விட்டார்.

நாங்கள் சாப்பிட்டோம். மாமி கோழிக்கறியில் உப்புக் கூடப் போட்டிருந்தார், யாரும் சொல்லவில்லை.

நம் ஜிம்மிக்கு இந்த வருஷம் விசர்நாய் ஊசி போட்டாகிவிட்டதா? பி.எச்.ஐ. ஆட்கள் ஊசி போட டவுனுக்கு வரும்போது அத்தானைச் சங்கிலி போட்டுக் கூட்டிப்போகச் சொல். நாயைச் சொல்கிறேன். வருகிறவர் யாரிடமாவது கால் கிலோ மிளகும் கொஞ்சம் கொறக்காவும் கொடுத்தனுப்பு. மாமா கேட்டார்.

அன்புடன்
தம்பி