திட்டுவதற்கு ஓர் ஆள்

எட்டாயிரம் ரூபாய் கொடுத்து ரோட்டரி ஹாமர் வாங்குகிறவர் உண்மையில் இரண்டு சரக்கு வாங்குகிறார். ஒன்று, கான்கிரீட்டில் ஓட்டை போடும் மிஷின். இன்னொன்று, அந்த மிஷின் ஓட்டை போட மறுக்கும் நாளில் நேரில் போய்த் திட்டுவதற்கு ஓர் ஆள். முதல் சரக்கை ஆன்லைனில் அறுநூறு, எழுநூறு ரூபாய் குறைத்தே தருகிறார்கள், மறுப்பதற்கில்லை. இரண்டாவது சரக்கு அங்கே ஸ்டாக்கில் கிடையாது. சென்னை பிராட்வேயிலும் கோவை டாக்டர் நஞ்சப்பா சாலையிலும் உள்ள கடைக்காரர்கள் கூடுதலாக வாங்கும் அந்தத் தொகையைப் பலர் கொள்ளை என்கிறார்கள். அது திட்டும் உரிமைக்கான கட்டணம் என்பதும், விலை உயர்ந்த மின்கருவிகளைப் பொறுத்தவரை அது சல்லிசான கட்டணம் என்பதும் என் கட்சி. செல்போன் உறைக்கோ செருப்புக்கோ இந்த வாதம் பொருந்தாது. உறை கிழிந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். செருப்பு சரியில்லை என்றாலும் அதற்கு வேறு உபயோகங்கள் உண்டு. நின்றுபோன ஹாமருக்கு எந்த உபயோகமும் இல்லை. பரணில் ஏற்றக்கூட மூன்று கிலோ கனம்.

வாங்குவதற்கு முன்பிருந்தே தொடங்குகிறேன். நல்ல கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்னால், “செங்கல் சுவரா, கான்கிரீட்டா?” என்று கேட்பார். பாதிப் பணம் இந்தக் கேள்விக்கே தகும். சுவரில் துளை போடும் கருவிகளில் இரண்டு ரகம் உண்டு. இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு உலோகத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி பிட்டை அதிர வைக்கும். ரோட்டரி ஹாமரில் பிஸ்டன் காற்றை அழுத்த, அழுத்திய காற்று ஒரு சுத்தியலைத் தள்ள, சுத்தியல் பிட்டின் முதுகில் சாத்தும். ஆன்லைனில் இரண்டையும் அருகருகே நிறுத்தினால் என்ன தெரியும்? இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் டிரில், நிமிடத்துக்கு நாற்பதாயிரத்துக்கும் மேல் அடிப்பேன் என்று மார்தட்டும். எட்டாயிரம் ரூபாய் ஹாமர், என்னால் நாலாயிரம்தான் முடியும் என்று ஒதுங்கி நிற்கும். கணக்கு தெரிந்த எந்தக் குடும்பத் தலைவரும் விலை குறைவாகவும் அடி அதிகமாகவும் உள்ளதைத்தான் எடுப்பார். அந்த நாற்பதாயிரமும் செல்லத் தட்டு, இந்த நாலாயிரம்தான் அடி என்பதைத் திரை சொல்லாது. ஓர் அடியின் வலுவை ஜூல் கணக்கில் சொல்வார்கள். நடுத்தர ஹாமரில் இரண்டு, மூன்று ஜூல் இருக்கும். டிரில் விற்பவர்கள் அந்த எண்ணைப் போடுவதே இல்லை, போட்டால் சிரிப்பார்கள். விளைவு, வீட்டுக்காரர் ஸ்டூல்மேல் ஏறி நின்று கான்கிரீட் கூரைக்கு அரைமணி நேரம் அதிர்வு வைத்தியம் செய்கிறார். சிமென்ட் பூச்சு உதிர்ந்து கண்ணில் விழுகிறது, பிட்டின் நுனி நீலம் பாரிக்கிறது, கூரை சௌக்கியமாக இருக்கிறது.

(மின்சாரத்தால் இயங்கும் முதல் கைத்துளைப்பானை 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனத்தார் செய்தார்கள். அதற்குத் துப்பாக்கிப் பிடியும் விசையும் வைத்து 1917இல் காப்புரிமை பெற்றவர்கள் பிளாக் அண்ட் டெக்கர். அன்றிலிருந்து டிரில்லைக் கையில் எடுக்கும் எந்த ஆணும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் சுவரைப் பார்க்கிறான்.)

ஆன்லைன் திரையின் இந்தக் கூத்து பேட்டரி மிஷின்களில் இன்னும் அதிகம். படத்தில் மிஷின் இருக்கும், அடியில் பேட்டரியும் இருக்கும். எழுத்தில் மட்டும், அதுவும் பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், மிஷின் மாத்திரமே என்று போட்டிருக்கும். பேட்டரியும் சார்ஜரும் தனி. இரண்டையும் சேர்த்தால் மிஷின் விலையையே எட்டிப் பிடிக்கும். கடையில் இதே சேதியைக் கல்லாவுக்குப் போவதற்கு முன்பே “பேட்டரி தனி சார்” என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார்கள். மனம் சுருங்கும், ஆனால் பணம் பையில் இருக்கும்போதே சுருங்கும். போதாததற்கு 18 வோல்ட்டா 20 வோல்ட்டா என்று ஒரு பட்டிமன்றம். உள்ளே இருப்பது இரண்டிலும் ஐந்து லித்தியம் செல். முழுதாக சார்ஜ் ஏறியவுடன் அளந்தால் 20ஐத் தாண்டும், வேலை செய்யும்போது சராசரியாக 18. ஒரே நிறுவனம் ஒரே பேட்டரியை அமெரிக்காவில் 20 என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் விற்கிறது. இரண்டு வோல்ட் லாபம் என்று நினைத்து ஆர்டர் போடுபவருக்கு இதை விளக்க நஞ்சப்பா சாலையில் ஒரு பையன் போதும்.

‘ஆயிரக்கணக்கான பேர் விமர்சனம் எழுதியிருக்கிறார்களே, அதைவிட ஒரு கடைக்காரர் சொல்வது பெரிதா?’ என்பார்கள். அந்த விமர்சனங்களைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம்: ‘பேக்கிங் அருமை, இன்னும் பயன்படுத்தவில்லை.’ ஐந்து நட்சத்திரம்: ‘ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டது.’ ஒரு நட்சத்திரம்: ‘டெலிவரி பையன் மாடி ஏற மறுத்தான்.’ கல்யாணப் பந்திச் சாப்பாட்டை வைத்துத் தாம்பத்தியத்துக்கு மார்க் போடுகிற வேலை இது. மிஷினின் குணம் பெட்டியைப் பிரித்த அன்று தெரியாது; ஆர்மேச்சர் சூடேறி, கியர் பெட்டியில் கிரீஸ் இளகி, கோடையில் ஒரு முழுநாள் டைல்ஸ் வெட்டிய பிறகு தெரியும். அதற்குள் விமர்சனம் எழுதியவர் மிக்ஸி வாங்கப் போய்விட்டார். பிராண்டு பெயர்களோ உச்சரிக்கவே முடியாதவை. விசைப்பலகைமேல் பூனை நடந்தால் வரும் எழுத்துகள். நாளைக்கு அந்தப் பெயர் காணாமல் போனால், கார்பன் பிரஷ் கேட்டு யாரிடம் போவது? கடைக்காரர் மட்டும் நடுநிலையாளரா என்று கேட்டால், இல்லை. எதில் லாபம் அதிகமோ அதை அவரும் கொஞ்சம் முன்னே தள்ளுவார். ஆனால் போன தீபாவளிக்கு விற்ற மிஷின்களில் எத்தனை திரும்பி வந்தன என்பது அவருக்குத் தெரியும். திரும்பி வரும் ஒவ்வொரு மிஷினும் ஒரு கோபக்காரரோடு வருகிறது. அந்தக் கோபத்துக்குப் பயந்தே மோசமான மாடலை அவர் அடுத்தமுறை எடுப்பதில்லை. எந்த நட்சத்திரத்தையும்விட நான் நம்புவது இந்தப் பயத்தை.

அந்தக் கோப நாளைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். டைல்ஸ் வெட்டும் கிரைண்டர் விட்டு விட்டு ஓடுகிறது, உள்ளே நீலப் பொறி பறக்கிறது, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. கடைக்குக் கொண்டுபோனால் மேசைமேல் வைத்து, பக்கத்துக்கு ஒன்றாக உள்ள இரண்டு மூடிகளையும் ஸ்க்ரூடிரைவரால் திருகுவார். ஸ்பிரிங்கோடு ஒரு கரித்துண்டு வெளியே வரும். இருக்க வேண்டிய நீளத்தில் கால்வாசிதான் மிஞ்சியிருக்கும். “பிரஷ் தேஞ்சுபோச்சு” என்று புது ஜோடியைப் போட்டு, பிளக்கில் சொருகி, விசையை அழுத்தி ஒருமுறை கத்தவிட்டுக் கையில் கொடுப்பார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஓர் எளிய ஓட்டல் சாப்பாட்டுச் செலவு. இதையே ஆன்லைனில் தொடங்கினால் முதலில் ஓர் இயந்திரம் வணக்கம் சொல்லும். பிறகு வீடியோ கேட்கும். பிறகு, மாற்றித் தரும் கெடு ஏழாம் நாளோ பத்தாம் நாளோ முடிந்துவிட்டது, தயாரிப்பாளரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று அன்போடு கைகழுவும். அதில் பொய்யும் இல்லை. அந்நிய முதலீட்டு விதிப்படி வெளிநாட்டு முதலீடு உள்ள தளங்கள் சொந்தச் சரக்கை விற்கக் கூடாது, சந்தையாக மட்டுமே இருக்கலாம். ஆக, விற்றது அவர்கள் அல்ல. விற்றவரை உங்களுக்குத் தெரியாது. செய்தவரின் சர்வீஸ் சென்டர் மாவட்டத் தலைநகரில். நூற்றைம்பது ரூபாய்க் கரித்துண்டுக்காகக் கொத்தனார் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும்.

இங்கே சட்டம் தெரிந்தவர்கள் கையைத் தூக்குவார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். உண்மை. ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு அது பெரிய வரம், குறைசொல்ல மாட்டேன். ஆனால் வழக்கு தீர்ந்து இழப்பீடு வருகிறபோது பாதி வெட்டிய டைல்ஸ் அப்படியே இருக்காது. வீட்டுக்காரர் வேறு கொத்தனாரைப் பார்த்திருப்பார். ஐம்பதாயிரம் ரூபாய் ஃபிரிட்ஜுக்கு வழக்கு சரி. ஐயாயிரம் ரூபாய் கிரைண்டருக்கு, ஷட்டர் முன்னால் நின்று “என்னண்ணே, இப்படி ஒரு மிஷினைத் தலையில கட்டிட்டீங்களே” என்று பத்துப் பேர் காதில் விழக் கேட்பதே விரைவு நீதிமன்றம். அதற்கு வாய்தா கிடையாது. புது கஸ்டமர் நான்குபேர் கடையில் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான் அதன் நடைமுறைச் சட்டம்.

கடைக்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அவர்கள் பக்கத்திலும் அழுக்கு உண்டு. “பில் வேணும்னா பதினெட்டு பர்சன்ட் சேரும் சார்” என்ற வாசகம், ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலைக்குப் பின் கடைவீதியின் சுப்ரபாதமாகிவிட்டது. அந்தப் பதினெட்டை மிச்சம் பிடிக்கிறவர், திட்டும் உரிமையைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். பில் இல்லையென்றால் வாரண்டி இல்லை, வாரண்டி இல்லையென்றால் கடைக்காரர், “இது நம்ம கடையில வாங்குனதா?” என்று முகத்தைப் புதிதாகப் பார்ப்பார். பில்லில் மிஷினின் சீரியல் நம்பரை எழுதி வாங்காமல், வாரண்டி அட்டையில் கடை முத்திரை விழாமல் படி இறங்குகிறவருக்கு, என் வாதம் முழுவதும் வீண். பழைய சரக்கும் அப்படித்தான். கிரைண்டரில் மாட்டும் கட்டிங் வீலின் நடுவளையத்தைக் கவனித்தால் ஒரு மாதமும் ஆண்டும் அச்சடித்திருக்கும். பிசினால் இறுகிய அந்தத் தட்டுக்குச் சுமார் மூன்றாண்டுதான் ஆயுள். நான்கு இஞ்ச் வீல் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும்போது, கெடு தாண்டிய வீல் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாரும் ஜாதகம் கணிக்க முடியாது. தூசி படிந்த கடைகளில் கெடு தாண்டியது தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் கடையில் வீலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இது போன வருஷமே முடிஞ்சுபோச்சே” என்று மேசைமேல் வைக்கலாம். பார்சலில் வருவதைப் பணம் கட்டிய பிறகே திருப்பிப் பார்க்க முடியும்.

பிட், அளவு நாடா, லேசர் மட்டம், கையுறை, ஊரில் கிடைக்காத விசேஷ பிளேடு ஆகியவற்றை ஆன்லைனில் தாராளமாக வாங்கலாம். அவற்றுக்குள் எரிந்துபோக மோட்டார் காயில் இல்லை. அருகில் கடையே இல்லாத ஊர்க்காரர்களுக்கும் நான் உபதேசம் செய்வதற்கில்லை. எனக்கு ஒப்பாத ஆசாமி ஒருவர் மட்டும் உண்டு. அவர் கடைக்கு வருவார். மூன்று மிஷினைப் பிரிக்கச் சொல்வார், ஒவ்வொன்றையும் பிளக்கில் போட்டுக் கேட்பார், கான்கிரீட்டா செங்கலா என்ற பாடத்தை ஓசியில் கற்பார், கடைக்காரர் வாங்கித் தந்த டீயையும் குடிப்பார், “வீட்ல கேட்டுட்டு வரேன்” என்று வெளியே வந்து, அதே கடை வாசலில் நின்றபடி போனில் ஆர்டர் போடுவார். பேரம் பேச வெட்கப்பட்டு இப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆன்லைன் விலையைக் கடைக்காரரிடம் நேராகவே காட்டலாம். முதலில் “அது டூப்ளிகேட் சார்” என்பார். பிறகு பாதி தூரம் இறங்கி வருவார். மீதிப் பாதிக்கு ஒரு செட் பிட்டும் இரண்டு ஜோடி கார்பன் பிரஷ்ஷும் கேட்டு வாங்கிக்கொள்வதே நியாயமான சமரசம்.

இந்த விவகாரத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. தளம் வெறும் சந்தைதான் என்றால், அங்கே சரக்கு வைத்து விற்பது யார்? பார்சலோடு வரும் பில்லில் விற்பவர் முகவரியைப் படித்தால் சிலநேரம் வேடிக்கையாக இருக்கும். இதே கடைவீதியின் மொத்த வியாபாரிகளில் பலர் ஆன்லைனிலும் கடை விரித்திருக்கிறார்கள். மிஷின் பிராட்வே சந்திலிருந்து கிளம்பி, ஊருக்கு வெளியே உள்ள கிடங்கில் இரண்டு ராத்திரி தங்கி, மூன்று லாரி மாறி, நான்கு தெரு தள்ளி உள்ள வீட்டுக்கு வந்து சேரும். முகவரியைப் பார்த்ததும், ‘அட, நம்ம கடை’ என்று பழுதான மிஷினைத் தூக்கிக்கொண்டு நேரில் போகிறவருக்கு அங்கே நாற்காலி உண்டு, வேண்டுமானால் தண்ணீரும் உண்டு. பில்லை வாங்கிப் பார்க்கும் வரைதான் அந்த உபசாரம்.

“இது ஆன்லைன் பில் சார். ஆப்ல கம்ப்ளெயின்ட் போடுங்க.”