ஓர் ஆசனமும் ஒன்பது ஆசனங்களும்

தீவகத்துக்கென்று ஓர் எம்.பி. இருந்த காலத்தில் வேலணையின் சாட்டியில் வளர்ந்தவன் நான். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எல்லாம் ஊர்காவற்றுறைத் தொகுதிக்குள் அடக்கம். 1947இல் ஏ. எல். தம்பிஐயா சுயேச்சையாக வென்றார். 1956இல் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. கந்தையா அந்த ஆசனத்தைப் பிடித்தார். அவர் 1963இல் காலமாக, இடைத்தேர்தலில் வி. நவரத்தினம் வந்தார்.

நவரத்தினத்தின் கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் திரும்பத் திரும்பப் பேசினார்கள். கட்சியோடு முரண்பட்டுத் தமிழர் சுயாட்சிக் கழகம் தொடங்கி, தமிழருக்குத் தனியாட்சி வேண்டுமென்று 1970இல் வாக்குக் கேட்டார். தீவகம் அவரைத் தோற்கடித்து, தமிழரசுக் கட்சியின் பண்டிதர் கா. பொ. இரத்தினத்தை அனுப்பியது. ஏழே வருடத்தில், 1977இல், தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுக் கோரிக்கையோடு வந்தது. வேட்பாளர் அதே பண்டிதர். அதே தொகுதி அவரையே வெல்ல வைத்தது. இதைச் சனத்தின் தடுமாற்றம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1972ஆம் ஆண்டு யாப்பும் பல்கலைக்கழகத் தரப்படுத்தலும் அந்த ஏழு வருடத்துக்குள் வந்தவை; சனத்தின் மனத்தை மாற்றியவை அவைதான்.

1978ஆம் ஆண்டு யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்து தொகுதியை இல்லாமலாக்கியது. ஊர்காவற்றுறை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்கு எண்ணும் ஒரு பிரிவாக மட்டும் மிஞ்சியது. 1983இல், தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற ஆறாம் திருத்தத்தின் உறுதியுரையை எடுக்க மறுத்துக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். 1990, 1991இல் அரச படை தீவகத்துக்கு வந்தது. சனம் வளவையும் கிணற்றையும் விட்டுப் போனது.

பிறகு 1994. மாவட்டத்தில் பதிவான வாக்காளர் 5,90,000க்கு மேல். குடாநாடு புலிகளின் கையில் இருந்ததால் வாக்களிப்பு பெரும்பாலும் தீவகத்தில்தான் நடந்தது. சுயேச்சைக் குழுவாக நின்ற ஈ.பி.டி.பி. 10,744 வாக்குகளில் மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9ஐ எடுத்தது. சனம் நிறைந்திருந்த நாளில் ஓர் ஆசனம் தந்த தீவகம், வீடுகள் பாழடைந்து கிடந்தபோது ஒன்பது தந்தது. அந்தக் கணக்கு இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

2024இல் மாவட்டத்துக்கே 6 ஆசனங்கள்தான். எங்களுக்கு வேலணைப் பிரதேச சபை இருக்கிறது; அதற்கப்பால் தீவகத்துக்கு மட்டும் பதில் சொல்லக் கடமைப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் எவருமில்லை. உதாரணத்துக்கு, சாட்டியின் நன்னீர், மழை மணலுக்குள் இறங்கி உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்பது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். இதைப் பாராளுமன்றத்தில் எழுப்புவது யார்?

தேர்தல் முறையை மாற்றும் பேச்சு வரும்போதெல்லாம், தீவகத்துக்குச் சனத்தொகை போதாது என்பார்கள். சோல்பரி யாப்பு 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்றதோடு நிற்கவில்லை. ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்றும் கணக்கிட்டது. ஐதாகச் சனம் வாழும் நிலத்துக்கு அன்று கிடைத்த அந்தச் சலுகையை, குறிகட்டுவானில் படகு பார்த்து நிற்கும் நெடுந்தீவுச் சனத்துக்கும் கொடுக்க வேண்டும். ஊர்காவற்றுறை மறுபடி தனித் தொகுதியாக வேண்டும்.