டப்பாவுக்குள் ஊட்டம்
குடலில் அழற்சியை உண்டாக்கும் குரோன் நோய் பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத்தான் பிடிக்கும். வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதும் அங்கேதான். அந்தப் பகுதியை அறுவை சிகிச்சையில் கணிசமாக இழந்தவருக்கு மருத்துவர் எழுதுவது பி12 ஊசி. விளம்பரம் நீட்டுவதோ ‘முழு ஊட்டம்’ என்று மின்னும் டப்பா. குடலில் இரத்தக் கசிவால் இரும்புச்சத்தும் குறையும். அதற்கான மாத்திரை வயிற்றைப் புரட்டும், மலத்தைக் கறுப்பாக்கி வீட்டாரைக் கலங்கடிக்கும். அழற்சி மும்முரமாக இருக்கையில் இரும்பை இரத்தக்குழாய் வழியே ஏற்றுவதுண்டு. அழற்சியைத் தணிக்கத் தரும் ஸ்டீராய்டு எலும்பைத் தளர்த்துவதால் கால்சியமும் வைட்டமின் டியும் தேவைப்படும். சர்க்கரையில்லா மிட்டாய் வைட்டமின்கள் சிலவற்றில் சார்பிட்டால் இருக்கும், அது மலமிளக்கி. ஏற்கெனவே பேதியில் வாடுபவருக்குப் பேதியையே பழச்சுவையில் விற்பது தனிச் சாமர்த்தியம். எந்தச் சத்து குறைகிறதென்று இரத்தப் பரிசோதனையில் பார்த்து, டப்பாவை மருத்துவரிடம் காட்டியபின் காசு கொடுங்கள்.